நாலாவது குடம்

ஒத்தை ஆளுக்கு எதுக்கு நாலு குடம் என்று
தண்ணீர் வண்டிக்காரன் முனியராஜ் கேட்டதில்லை.
எண்ணி இறக்குவான், காசு வாங்குவான், போவான்.
குடிக்க ஒன்று, ஆக்க ஒன்று, அலச ஒன்று.
நாலாவதை
அவன் தெரு திரும்பிய பின்தான் தூக்குவேன்.

கொல்லையில்
அடி பிளந்த பைபர் வள்ளத்தைக் கவிழ்த்து
கம்பிவலை அடித்த கூட்டுக்குள்
சிமெண்டுத் தொட்டியில் கிடக்கிறது உடும்பு,
மூக்கு மட்டும் வெளியே.
மூக்கையூர்க் கிணறுகளில் ஊறுவது கடல்தான்,
கொஞ்சம் வெட்கப்பட்ட கடல்.
அந்த உப்பில் விட்டால்
உரிகிற சட்டை விரலில் இறுகிக்கொள்கிறது.
அப்படி உதிர்ந்த ஒரு நகம்
தீப்பெட்டிக்குள் இருக்கிறது.
ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

சந்தியாகு கொண்டுவந்தபோது ஒரு சாண்.
கருவேலங்காட்டுக்கு விறகுக்குப் போனவன்
சட்டைப்பையில் போட்டு வந்தான்.
உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டு.
கரப்பான் பிடித்துப் போட்டோம்,
விளக்கை அணைத்து, பொசுக்கென்று போட்டு,
ரெண்டு பேரும் தரையில் தவழ்ந்து.
தொட்டிலை அவிழ்த்து வைத்த வருஷம் அது.
அந்த வீட்டில் வேறு யாரும் தவழவில்லை.

அப்புறம் அவன் பஹ்ரைனுக்குப் போனான்,
மீன்படகில் கூலிக்கு.
வாரம் ஒரு போன்.
"அது இருக்கா?"
"இருக்கு."
பிறகு ரெண்டு பேரும் சிக்னலைக் குறை சொல்கிறோம்.

பதினொரு வருஷத்தில் நாலரை அடி.
பேர் வைக்கவில்லை,
கூப்பிட்டால் வராததற்கு எதற்குப் பேர்?
நாக்கை நீட்டிக் காற்றில் என்னைத் துழாவும்:
இன்றைக்குச் சாளையா, முட்டையா.
அதற்கு மேல் என்னிடம் அதற்கு வேலை இல்லை.
தடைக்காலத்தில் கரையில் கழிவுமீன் கிடையாது,
அறுபத்தோரு நாளும் முட்டைதான்.
கடைக்காரியிடம் மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன்.
மூட்டுவலிக்கு உடும்புக்கறி கேட்டு
ராத்திரியில் கதவு தட்டியவர்களிடம்
அது செத்து நாளாச்சு என்று சொல்லியிருக்கிறேன்.
தூத்துக்குடியில் தங்கச்சி மகள் கல்யாணத்தில்
பந்தியில் பாதியில் எழுந்து
மூணு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அவள்
இன்னும் பேசுவதில்லை.

கட்டைவிரலில் ஏழு தையல்.
பெரியாஸ்பத்திரியில் என்ன கடித்தது என்றார்கள்.
உடும்பு வளர்த்தால் ஜெயில்.
நாய் என்றேன்.
நாய்க்கான ஊசியையும்
நாலு தடவை பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டேன்.

உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று
ஊரே சொல்லும் பழமொழியை
எனக்கும் சொன்னார்கள்.
சொல்லி வைத்தவன்
கையை மட்டும்தான் யோசித்திருக்கிறான்.

போன கச்சான் காலத்தில் ஒரு விடிகாலை
சாக்கில் கட்டி
சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்
காட்டோரம் அவிழ்த்துவிட்டேன்.
வெயில் ஏறும்வரை அசையாமல் கிடந்தது.
நான் ஒரு பனைக்குப் பின்னால்.
நாயும் வேல்கம்புமாய் ரெண்டு பேர் வந்தார்கள்.
காட்டு உடும்பு என்றால்
காலடி கேட்டதும் பொந்துக்குள் போயிருக்கும்.
இது தலையைத் தூக்கி
நாக்கை நீட்டிக்கொண்டு
அவர்களைப் பார்த்து நடந்தது.

மனிதர் வந்தால் முட்டை வரும்.
பதினொரு வருஷத்தில்
நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஓடிப்போய் வாலைப் பிடித்தேன்.
முழங்கைவரை கோடு கோடாய்க் கிழித்தது.
விடவில்லை.

இன்னும் பத்து வருஷம் இருக்குமாம்.
எனக்கு நாற்பத்தாறு.
கூட்டிக் கழித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இன்று காலை வண்டி வந்தது.
மூன்று குடத்தை வாசலில் இறக்கியவன்
நாலாவதைத் தோளில் ஏற்றிக்கொண்டு
கையில் இருந்த கட்டைப் பார்த்தான்,
பிறகு கொல்லைப் பக்கம் பார்த்தான்.

"நேரா தொட்டியிலேயே ஊத்திரவா, பிரகாசியக்கா?"